சுருட்டாலையில் ஒலித்த குரல்

உழைப்பவனுக்கு ஏடு எதற்கு என்று கேட்கும் உள்ளம் நாட்டில் இன்னும் மடியவில்லை. "பகலெல்லாம் பாடுபடுகிறான், இரவில் படுத்தால் போதும் என்றிருக்கிறான், அவனிடம் போய்ப் புத்தகம் பற்றிப் பேசுகிறீர்களே!" என்று இரக்கம் காட்டுவதுபோல் பேசுவோர் உளர். படிப்பதற்கு ஓய்வு வேண்டும், பணம் வேண்டும், எழுத்தாவது தெரிந்திருக்க வேண்டும் என்பர். இம்மூன்றும் இல்லாத மக்கள், படிப்பைத் தம் அன்றாட வாழ்வின் பகுதியாக்கிக் கொண்ட வரலாறு ஒன்று உண்டு. அதனைக் காண நாம் கடல் கடந்து கியூபாத் தீவுக்குச் செல்ல வேண்டும்.

கியூபா அந்நாளில் ஸ்பெயின் நாட்டு ஆதிக்கத்தின்கீழ்க் கிடந்தது. கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் உழன்றனர்; அடிமைமுறை அங்கு ஒழிக்கப்பட்டது 1886-இல்தான். தலைநகராம் ஹவானாவில் சுருட்டுத் தொழிற்சாலைகள் பல இருந்தன. நீண்ட கூடம், வரிசை வரிசையாக மேசைகள், மேசைதோறும் குனிந்த தலைகள். இலையை விரிப்பது, நறுக்குவது, சுருட்டுவது. முடிந்ததும் மீண்டும் இலையை விரிப்பது. சுற்றிய சுருட்டின் எண்ணிக்கைக்கே கூலி. கைகளுக்கு ஓயாத வேலை. காதுகளுக்கோ வேலையே இல்லை! இயந்திர இரைச்சலும் அங்கில்லை.

அத்தொழிலாளருள் ஒருவர் சத்துர்னீனோ மார்த்தீனெஸ். சுருட்டுச் சுற்றிய அதே கையால் கவிதையும் எழுதியவர். 1865-இல் அவர் 'லா அவுரோரா' என்றோர் ஏட்டைத் தொடங்கினார். வைகறை என்பது அப்பெயரின் பொருள். ஆனால் வைகறையைக் காணக் கண் திறக்க வேண்டுமே! தோழர்களுள் மிகப் பலர் எழுத்தறியாதவர். என் செய்வது? கண்ணால் படிக்க இயலாதோர் காதால் படிக்கட்டும் என்ற வழி பிறந்தது. அவ்வாண்டு டிசம்பரில், 'எல் பீகரோ' என்னும் தொழிற்சாலையில், ஒரு தொழிலாளி எழுந்து நின்று உரக்கப் படித்தார். மற்றவர் கைவேலையை நிறுத்தாமலே கேட்டனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் புகழ்பெற்ற பர்த்தகாஸ் தொழிற்சாலையிலும் அக்குரல் கேட்டது.

படித்தவருக்கு அந்நேரத்துக் கூலி போயிற்றே, அதை ஈடு செய்தது யார்? முதலாளியா? அல்ல. கேட்டவர்களே தத்தம் கூலியிலிருந்து சிறு தொகை எடுத்துத் தந்தனர். உண்பதற்கே போதாத கூலியில், கேட்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்கினர்! இதனை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

இம்முறை வளர்ந்தது. கூடத்தின் நடுவே உயர்ந்த மேடை அமைந்தது. படிப்பதற்கெனவே ஒருவர் அமர்த்தப்பட்டார். 'லெக்தோர்' என்று அவரை அழைத்தனர். காலையில் செய்தித்தாள், பின்னர்ப் புதினம், வரலாறு, அரசியல். செர்வாந்தெஸ், விக்தோர் யூகோ, அலெக்சாந்தர் தூமா ஆகியோர் எழுத்துக்கள் புகையிலை மணத்தினூடே உலவின. எந்த நூலைப் படிப்பது என்பதைத் தொழிலாளரே வாக்களித்து முடிவு செய்தனர். பிடித்துவிட்டால், இலை நறுக்கும் கத்தியால் மேசையைத் தட்டி ஆரவாரித்தனர். தூமாவின் மாந்தே கிறிஸ்தோ கோமகன் கதை அவர்களைக் கவர்ந்த கவர்ச்சியால்தான், 1935-இல் ஒரு சுருட்டு வகைக்கு 'மான்தே கிறிஸ்தோ' என்றே பெயர் வந்தது என்பர்.

ஆதிக்கக்காரர் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பரோ? 1866 மே திங்களில் ஆணை பிறந்தது: தொழிற்கூடங்களில் ஏடு படித்தும் விவாதம் நடத்தியும் தொழிலாளரின் கவனத்தைக் கலைத்தல் கூடாது! வேலை கெட்டதா? சுருட்டுக் குறைந்ததா? எண்ணிக்கைக்குக் கூலி பெறுவோர் தம் வேலையைத் தாமே கெடுத்துக்கொள்வரோ? கெட்டது வேலையன்று, குனிந்த தலை நிமிரத் தொடங்கிற்று, அதுவே குற்றம்.

1868-இல் விடுதலைப்போர் மூண்டது. சுருட்டுத் தொழிலாளர் பலர் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்குக் குடிபெயர்ந்து, கீ வெஸ்ட், தாம்பா நகரங்களில் தொழில் புரிந்தனர். உடன் சென்றது படிப்பு மேடை. 1891-இல் கியூப விடுதலை வீரர் ஹொசே மார்த்தி தாம்பாவுக்கு வந்து உரையாற்றியபோது, ஆர்த்தெழுந்தவர் இந்தச் சுருட்டுத் தொழிலாளரே. தம் எளிய கூலியிலிருந்து விடுதலை நிதியும் வழங்கினர். பல்லாண்டு கேட்ட காது, அறைகூவலைக் கேட்டதும் புரிந்துகொண்டது.

அம்மேடை ஆடவருக்கே உரியதாக இருந்துவிடவில்லை. போர்த்தோ ரீக்கோவில் பிறந்த லூயிசா கபேத்தியோ என்னும் மாதரசி, தம் தாய்நாட்டிலும் தாம்பாவிலும் சுருட்டாலைகளில் படித்தவர். பெண்ணுரிமைக்கு எழுத்தாலும் பேச்சாலும் போராடியவர். 1915-இல் ஹவானா வீதியில் காற்சட்டை அணிந்து நடந்தார் என்பதற்காகக் கைது செய்யப்பட்டார் என்றால், அவர் துணிவுக்கு வேறு சான்றும் வேண்டுமோ!

1931-இல் தாம்பாவின் முதலாளிகள் படிப்பை நிறுத்தினர். பொதுவுடைமைக் கருத்தைப் பரப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், வெல்ல முடியவில்லை. மேடைகள் அகன்றன, அவ்விடத்தில் வானொலிப் பெட்டிகள் வந்தன. குரல் கேட்டது, ஆயின் தாம் வாக்களித்துத் தேர்ந்த குரலன்று அது. கியூபாவிலோ அம்மரபு அழியவில்லை. 2012-இல் அந்நாடு அதனைத் தேசியப் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

எங்கோ நடந்த கதை என்று ஒதுக்கிவிட வேண்டா. நம் அண்டையில், கேரளத்துக் கண்ணூரில், பீடித் தொழிலாளர் இதையே செய்தனர். ஒருவர் செய்தித்தாள் படிப்பார். அவர் பங்குப் பீடியைத் தோழர்கள் சுற்றித் தருவர். தமிழகத்தின் கதையும் வேறன்று. 1925-இல் பெரியார் ஈரோட்டில் 'குடி அரசு' ஏட்டைத் தொடங்கியபோது, எழுத்தறிந்த தமிழர் எத்துணைப் பேர்? படிக்கவே உனக்கு உரிமை இல்லை என்று சாதியின் பெயரால் தள்ளி வைக்கப்பட்ட மக்களல்லவா! அவர்களிடம் ஏடு சென்றது எவ்வாறு? தேநீர்க் கடையில், முடிதிருத்தும் நிலையத்தில், ஓலைக் கூரை வேய்ந்த படிப்பகத்தில், எழுத்தறிந்த ஓர் இளைஞன் உரக்கப் படித்தான்; சுற்றியிருந்தோர் கேட்டனர், கேள்வி கேட்டனர், வாதிட்டனர். பின்னர்த் தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினர். ஹவானாவைப் பார்த்து நாம் கற்றதன்று இது. ஒடுக்கப்பட்டோர் எங்கிருப்பினும் கண்டறியும் வழி.

இன்று பள்ளிகள் பெருகியுள்ளன; நூலகங்கள் எழுந்துள்ளன; உள்ளங்கையில் உலகையே காட்டும் கைப்பேசியும் இருக்கிறது. ஆயினும் மாணவரிடம் படிப்பார்வம் குறைகிறது என்று ஆசிரியர்களாகிய நாம் வருந்துகிறோம். வருந்துமுன் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். படி, படி என்று ஏவுகிறோமே, என்ன படிக்க விரும்புகிறாய் என்று என்றேனும் கேட்டோமா? சுருட்டாலையில் எவரும் ஏவவில்லை. அவர்கள் செலவு செய்தனர், அவர்களே தேர்ந்தனர், கூடியிருந்து கேட்டனர். ஆகவே படிப்பு அவர்களுடைய சொத்தாயிற்று. தம் சொத்தின்மீது எவருக்குத்தான் அன்பு இராது? கைப்பேசி தரும் குரலோ, வானொலிப் பெட்டியைப்போல, நாம் தேராத குரல்.

பெரும் பொருள் வேண்டியதில்லை. மாலையில் அரை மணி நேரம் போதும். பீடி சுற்றும் தாய்மார் கூடும் திண்ணையில், நெசவாளர் தெருவில், பூக்கட்டும் இடத்தில், நம் மாணவர் ஒருவர் அமர்ந்து படிக்கட்டும். எந்த நூல் என்பதைக் கேட்போரே முடிவு செய்யட்டும். கதையாயினும் சரி, செய்தியாயினும் சரி, பாதியில் நிறுத்தி "நாளை என்ன ஆகும்?" என்று கேட்கும் ஆவல் பிறந்துவிட்டால் போதும். படிப்பவனுக்கு நா திருந்தும். கேட்போருக்கு நெஞ்சம் விரியும். பிள்ளை படிப்பதைக் கேட்டுத் தாய் தலையசைத்தால், அப்பிள்ளை ஏட்டைக் கீழே வைப்பானோ?

பூட்டிக் கிடக்கும் படிப்பகம் நம் ஊரில் இருக்குமாயின், அதன் சாவி எவரிடம் என்று இன்றே கேட்போம். திறந்து, துடைத்து, ஒருவர் படிப்போம், ஊர் கேட்கட்டும்!