ராபர்ட் வாகனின் அலமாரி: ஒரு வெல்ஷ் குடும்பமும் ஒரு மொழியின் ஏடுகளும்

இன்னைக்கு நாம பேசப்போற ஆள் போர்ல ஜெயிச்சவர் இல்லை, மந்திரியானவரும் இல்லை. 17-ஆம் நூற்றாண்டு வேல்ஸில் நிலபுலனோடு வாழ்ந்த ஒரு கிராமத்துப் பெரிய மனுஷர், அவ்வளவுதான். ஆனா அவர் வீட்டு அலமாரி இல்லாம போயிருந்தா, வெல்ஷ் மொழியின் பழைய கவிதைகளும் கதைகளும் எத்தனை இன்னைக்கு மிஞ்சியிருக்கும்னு சொல்ல முடியாது.

பேர் ராபர்ட் வாகன். கிரிக்கெட்டர் மைக்கேல் வாகன் பேர்ல வர்ற அதே வாகன்தான். 'சின்னவர்' என்று பொருள் தரும் ஒரு வெல்ஷ் சொல்லில் இருந்து வந்த பேர் அது. 1592 வாக்கில் வடமேற்கு வேல்ஸின் மெரியோனெத் பகுதியில், டோல்கெத்லை ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். 1612-ல் ஆக்ஸ்ஃபோர்டின் ஓரியல் கல்லூரியில் சேர்ந்தார், பட்டம் வாங்காமலே ஊர் திரும்பினார். அம்மா வழி வீடான ஹெங்கூர்ட்டில் குடியேறினார். கேத்ரின் நன்னி என்ற பெண்ணைக் கல்யாணம் செய்தார். அவங்க அதே வட்டாரத்தின் பெரிய குடும்பமான நன்னாய் வீட்டுப் பெண். 4 பையன்கள், 4 பெண்கள். ஊர்ல மாஜிஸ்ட்ரேட் பொறுப்பும் பார்த்தார். வெளியில இருந்து பார்த்தா சாதாரண நிலக்கிழார் வாழ்க்கை.

அப்புறம் ஏன் ஏடு சேர்க்கும் பைத்தியம்? இதுக்குக் கொஞ்சம் சட்டம் பேசணும்.

பழைய வெல்ஷ் வழக்கப்படி அப்பாவின் நிலம் எல்லாப் பையன்களுக்கும் பங்கு பிரியும். நிலம் உன்னுடையதுன்னு நிரூபிக்க, நீ யாருக்குப் பிறந்தவன், அவர் யாருக்குப் பிறந்தவர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லத் தெரியணும். அதாவது வம்சாவளிதான் பட்டா. 1536-லும் 1543-லும் வந்த சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தன, பங்கு பிரிக்கும் வழக்கத்தையும் ஒழித்தன. இனிமே சொத்து மூத்த பையனுக்கு. கோர்ட்டு மொழி ஆங்கிலம். வம்சாவளிக்கு இருந்த சட்ட வேலை குறைஞ்சுபோச்சு, ஆனா குடும்ப கௌரவம் முழுக்க அதில்தான் இருந்தது. வாகன் 1662-ல் அச்சிட்ட ஒரே புத்தகமும் இந்த மாதிரி சண்டைதான்: 9-ஆம் நூற்றாண்டு அரசர் ரோட்ரியின் பையன்களில் யார் மூத்தவர், எந்த வம்சத்துக்கு முன்னுரிமை!

இந்த வம்சாவளி ஆர்வம்தான் அவரைப் பழைய ஏடுகள் பக்கம் இழுத்தது. அதே காலத்தில் ஏடுகளுக்கு ஆபத்தும் வந்திருந்தது. 1536-க்குப் பிறகு நாலைந்து வருஷத்தில் எட்டாம் ஹென்றி மடாலயங்களை மூடினார். அங்கே இருந்த கையெழுத்துப் பிரதிகள் வீடு வீடாகச் சிதறின. பாதுகாத்த வீடும் உண்டு, பழைய காகிதம்னு ஒதுக்கின வீடும் உண்டு.

வாகன் அவற்றைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1250 வாக்கில் எழுதப்பட்ட கார்மார்தன் கருப்புப் புத்தகம், தாலியெசின் புத்தகம், மாபினோகியன் கதைகள் அடங்கிய ருத்தெர்க் வெள்ளைப் புத்தகம், எல்லாம் அவர் அலமாரிக்கு வந்தன. சாசரின் கேண்டர்பரி கதைகளின் மிகப் பழைய பிரதிகளில் ஒன்றும் அங்கேதான் இருந்தது. அதை இன்னைக்கும் 'ஹெங்கூர்ட் சாசர்' என்றுதான் சொல்கிறார்கள்.

இங்கே இன்னொருத்தரைச் சொல்லியே ஆகணும். ஜான் ஜோன்ஸ், கெத்லிலிவ்டிக்காரர். அவரும் நிலக்கிழார் வீட்டுப் பிள்ளைதான், ஆனா கடனில் மூழ்கி லண்டன் ஃப்ளீட் சிறையில் வருஷக்கணக்கில் கிடந்தார். சிறைக்குள்ளே உட்கார்ந்து அழகான கையெழுத்தில் வெல்ஷ் ஏடுகளைப் பிரதி எடுத்துக்கொண்டே இருந்தார். ரெண்டு பேரில் யார் முதலில் போனாலும் ஏடுகள் மற்றவருக்கு என்று ஒப்பந்தம் இருந்ததாக ஒரு பழங்கதை. ஒப்பந்தமோ கடன் கணக்கோ, 1650-களின் கடைசியில் ஜோன்ஸ் இறந்தபின் அவர் ஏடுகள் ஹெங்கூர்ட் வந்து சேர்ந்தன.

நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுறவன். எனக்கு இந்த ரெண்டு பேரும் டேட்டாவைக் காப்பாத்தும் ரெண்டு வழியாத் தெரியறாங்க. ஜோன்ஸ் செய்தது பேக்கப். வாகன் செய்தது எல்லாத்தையும் ஒரே சர்வரில் கொண்டுவந்து வைப்பது. ரெண்டாவது வழியில் தேடுறது சுலபம், ஆனா சர்வர் போனா எல்லாம் போச்சு. இது வெறும் பயம் இல்லை. 1807-ல் ஹாவோட் மாளிகை எரிந்தபோதும், 1858-ல் வின்ஸ்டே மாளிகை எரிந்தபோதும் வெல்ஷ் கையெழுத்துப் பிரதிகள் சாம்பலாயின. ஹெங்கூர்ட் தொகுப்புக்கும் அதே கதி வந்திருக்கலாம்.

வாகன் 1667-ல் இறந்தார். பழைய வெல்ஷ் வழக்கம் நீடித்திருந்தால் சொத்து 4 பையன்களுக்கும் பிரிந்திருக்கும், ஏடுகளும் கூடவே பிரிந்திருக்க வாய்ப்பு அதிகம். மூத்தவருக்கே சொத்து என்ற முறையில் வீடும் நூலகமும் ஒரே கையில் இறங்கின. இதுதான் எனக்கு ரொம்ப உறுத்துற இடம். வெல்ஷ் மொழியைக் கோர்ட்டில் இருந்து வெளியே தள்ளிய அதே சட்ட மாற்றம், வெல்ஷ் ஏடுகள் சிதறாமல் இருக்கவும் உதவியிருக்கு. தம்பி தங்கச்சிங்களுக்குக் கிடைக்காத பங்கின் மேல்தான் அந்த நூலகம் நின்றது.

1859-ல் வாரிசு இல்லாமல் இறந்த கடைசி வாகன், ஏடுகளை பெனியார்த் வீட்டு டபிள்யூ. டபிள்யூ. இ. வின்னுக்கு எழுதிவைத்தார். வின்ஸ்டே எரிந்த அடுத்த வருஷம்! அவரும் ஏடுகளின் மதிப்பு தெரிந்தவர். பிறகு விக்டோரியா ராணியின் டாக்டராக இருந்த சர் ஜான் வில்லியம்ஸ் தொகுப்பை விலைக்கு வாங்கினார். 1907-ல் அமைந்த வேல்ஸ் தேசிய நூலகத்துக்கு, அபெரிஸ்ட்வித்துக்கு, 1909-ல் அது போய்ச் சேர்ந்தது. 2010-ல் யுனெஸ்கோவின் பிரிட்டன் நினைவுப் பதிவேட்டிலும் இடம்பிடித்தது.

ஏறத்தாழ 250 வருஷம் அந்த ஏடுகள் தனியார் வீட்டுக் கதவுக்குப் பின்னால் இருந்தன. கதவைத் திறப்பதும் மூடுவதும் அந்தந்த வாரிசின் இஷ்டம். இன்னைக்கு கார்மார்தன் கருப்புப் புத்தகத்தை உங்க போனிலேயே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். நூலகத்தின் தளத்தில் போய்ப் பாருங்க, ஓரங்களில் சில இடத்தில் படம்கூட வரைஞ்சிருப்பாங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.