கடலில் கரைந்த வெற்றிப் படகு

1895 ஆம் ஆண்டு அமெரிக்கக் கிண்ணப் பாய்மரப் படகோட்டத்தில் பிரித்தானியாவின் மூன்றாம் வல்கிரியை வென்ற படகு டிஃபெண்டர். ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிரிஸ்டல் நகரில் அதனைக் கட்டியவர் நத்தானியேல் ஹெரஷோஃப். எடையைக் குறைப்பதற்காக நீர்மட்டத்துக்கு மேலே அலுமினியத் தகடு பொருத்தினார், கீழே வெண்கலம், உட்சட்டங்கள் உருக்கு. இம்மூன்றும் ஒன்றையொன்று தொட்டபடி உப்புநீரில் நனைந்தால் மின்கலம் போலாகிவிடும். அதில் முதலில் அரிக்கப்படுவது அலுமினியமே.

இஃது அறியப்படாத விடயமன்று. துத்தநாகம் தான் கரைந்து செப்புத் தகட்டைக் காக்கும் என்பதை ஹம்ப்ரி டேவி 1824 இலேயே காட்டியிருந்தார். ஒரு பருவம் வென்றாற் போதும் என்று எண்ணினார்களோ, என்னவோ! 1899 இல் கொலம்பியா என்ற புதிய படகுக்குப் பயிற்சித் துணையாக ஓடுவதற்கே டிஃபெண்டரைப் பழுதுபார்க்க நேர்ந்தது. 1901 இல் உடைத்துவிட்டார்கள்.

பழைய அலுமினியப் படகு வைத்திருப்போர் இன்று அடிப்பாகத்தில் துத்தநாகக் கட்டி பொருத்துவதும், செம்பு கலந்த வர்ணப்பூச்சைத் தவிர்ப்பதும் இதே அரிப்புக்கு அஞ்சித்தான்.