உரையிடை விளம்பரமும் தொழில்நுட்பச் செய்தித் தளங்களும்

இணையக் கட்டுரையின் வாசகத்தில் வரும் சொற்களையே விளம்பர இடமாக விற்கும் முறைக்கு உரையிடை விளம்பரம் என்று பெயர். பக்கத்தின் ஓரத்திலோ உச்சியிலோ தனிக் கட்டத்தில் வரும் பேனர் விளம்பரத்தோடு இதைச் சேர்த்துப் பேசுவது வழக்கம் என்றாலும் இரண்டும் ஒன்றல்ல. பேனரில் விற்கப்படுவது கட்டுரைக்கு வெளியே இருக்கும் காலி இடம். உரையிடை விளம்பரத்தில் விற்கப்படுவது கட்டுரையாளர் எழுதிய வாக்கியத்தின் ஒரு துண்டு. விற்ற சொல்லின் கீழே, பெரும்பாலும் பச்சை நிறத்தில், இரட்டைக் கோடு ஓடும். மவுஸ் அம்புக்குறி அதன்மேல் பட்டதும் சிறு பெட்டி ஒன்று திறந்து விளம்பரம் காட்டும். 2000களின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய பத்தாண்டுகள், கணினி உதிரிபாகங்களையும் மென்பொருளையும் மின்னணுச் சாதனங்களையும் பற்றி எழுதிய ஆங்கிலத் தளங்களில் இது சர்வசாதாரணமாகத் தென்பட்டது. வாசகர்கள் மிகவும் வெறுத்த விளம்பர வகைகளில் இதுவும் ஒன்று.

இயங்கும் விதம்

தளத்தை நடத்துபவர் செய்யவேண்டியது மிகக் குறைவு. விளம்பர நிறுவனம் தரும் சில வரி ஜாவாஸ்கிரிப்ட் நிரலைப் பக்கத்தின் அடியில் ஒட்டினால் போதும். வாசகரின் உலாவியில் பக்கம் திறந்ததும் அந்த நிரல் கட்டுரையின் வாசகத்தைப் படித்து, பக்கம் எதைப் பற்றியது என்று கணிக்கும். விளம்பரதாரர்கள் விலை கொடுத்திருக்கும் சொற்பட்டியலோடு ஒப்பிட்டு, பொருந்தும் சொற்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும். தலைப்புகளையும் ஏற்கெனவே இணைப்பு உள்ள சொற்களையும் பொதுவாகத் தொடாது. ஒரு பக்கத்துக்கு எத்தனை சொற்கள், கோட்டுக்கு என்ன நிறம், எந்தச் சொற்களை விலக்கவேண்டும் என்பதையெல்லாம் தள உரிமையாளர் அமைத்துக்கொள்ளலாம். வாசகர் கிளிக் செய்தால் வரும் தொகையை நிறுவனமும் தளமும் பங்கிட்டுக்கொள்ளும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? ஒரு மடிக்கணினியின் மதிப்புரையை வாசகர் படிக்கிறார். பேட்டரி நான்கு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்று குறை சொல்லும் வரியில் ‘பேட்டரி’ என்ற சொல்லின் கீழ் இரட்டைக் கோடு. சோதனை முடிவுகளின் அட்டவணைக்கு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்து அம்புக்குறியை நகர்த்துகிறார், அல்லது பக்கத்தைக் கீழே உருட்டும்போது அம்புக்குறி தானாகவே அந்தச் சொல்லின்மேல் போய் நிற்கிறது. உடனே பெட்டி திறந்து, அவர் படித்துக்கொண்டிருந்த வரியையும் அடுத்த இரண்டு வரிகளையும் மறைக்கிறது. உள்ளே இருப்பது ஏதோ ஒரு பேட்டரி விளம்பரம். மூலையில் உள்ள சிறு பெருக்கல் குறியைத் தேடி அழுத்தினால்தான் விட்ட வாக்கியத்தைத் தொடரமுடியும். ஆங்கிலத்தில் ஒரே சொல் நினைவாற்றலையும் கணினி நினைவகத்தையும் குறிக்கிறது, ஒரே சொல் எலியையும் மவுஸையும் குறிக்கிறது. இயந்திரப் பொருத்தம் தடுமாற இதுவே போதும்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்லவேண்டும். கட்டுரையை எழுதி முடிக்கும்போது அதில் எந்தச் சொல் விற்கப்படும் என்பது எழுதியவருக்கே தெரியாது. இன்று ஒரு சொல்லில் இருக்கும் கோடு நாளை வேறொரு சொல்லுக்குத் தாவும். அதே கட்டுரையை இருவர் திறந்தால் இருவருக்கும் வெவ்வேறு சொற்கள் கோடிட்டிருக்கலாம். ஆசிரியர் சரிபார்த்து அனுப்பிய பிரதியும் வாசகர் கைக்கு வந்து சேரும் பிரதியும் ஒன்றல்ல என்ற நிலை இதனால் உருவாயிற்று.

முன்னோடிகள்

சொற்களின்மேல் இணைப்பு ஏற்றும் யோசனை முதலில் தளங்களிடமிருந்து வரவில்லை. 2001இல் ஈஸூலா நிறுவனத்தின் டாப்டெக்ஸ்ட் என்ற நிரல், கோப்புப் பகிர்வு மென்பொருளான கஸாவோடு சேர்ந்து பயனர்களின் கணினிக்குள் நுழைந்தது. அது எந்தத் தளத்தைத் திறந்தாலும் சில சொற்களை மஞ்சளாக்கித் தன் விளம்பரதாரர்களின் பக்கங்களுக்கு வழி காட்டியது. தளத்துக்காரரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் எக்ஸ்பியின் சோதனைப் பதிப்போடு வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6இல் ஸ்மார்ட் டேக் என்ற வசதியை வைத்தது. யாருடைய பக்கத்திலும் உள்ள நிறுவனப் பெயர் போன்ற சொற்களின் கீழ் ஊதாக் கோடு போட்டு, மைக்ரோசாஃப்ட் தேர்ந்தெடுத்த இடங்களுக்கு இணைப்பு தரும் ஏற்பாடு அது. ஜூன் மாதத் தொடக்கத்தில் பத்தியாளர் வால்ட் மாஸ்பெர்க் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் இதைக் கடுமையாகக் கண்டித்து எழுதினார். பிறர் எழுதியதன்மேல் கை வைக்க உலாவிக்கு என்ன உரிமை என்பதே எதிர்ப்பின் சாரம். அந்த மாத இறுதிக்குள் மைக்ரோசாஃப்ட் வசதியை விலக்கிக்கொண்டது. 2005இல் கூகுள் தன் டூல்பாரில் ஆட்டோலிங்க் கொண்டுவந்து, ஐ.எஸ்.பி.என். எண்களை அமேசான் பக்கங்களோடும் முகவரிகளை வரைபடத்தோடும் இணைத்தபோது இதே விவாதம் மறுபடி எழுந்தது.

அப்போது சண்டை போட்டவர்கள் தளத்துக்காரர்களும் எழுத்தாளர்களும். தங்கள் வாசகத்தை அந்நியர் தொடக்கூடாது என்றார்கள். உரையிடை விளம்பரம் அந்த ஆட்சேபத்தை எளிதாகத் தாண்டியது. தளத்தின் சம்மதத்தோடும் தளத்துக்கு வருமானப் பங்கோடும் வந்ததால், எதிர்க்கவேண்டியவர்களில் பாதிப் பேர் கூட்டாளிகள் ஆனார்கள். சம்மதம் கேட்கப்படாமல் எஞ்சியவர்கள் கட்டுரையாளரும் வாசகரும்.

நிறுவனங்கள்

இந்தத் துறையின் முதன்மைப் பெயர் வைப்ரன்ட் மீடியா. 2000இல் லண்டனில் தொடங்கிய இந்நிறுவனத்தின் இன்டெலிடெக்ஸ்ட், துறைக்கே அடையாளமாக மாறியது. எந்த நிறுவனத்தின் விளம்பரமானாலும் வாசகர்கள் இந்தப் பெயரைச் சொல்லியே திட்டினார்கள். 2003இல் தொடங்கிய கொன்டேராவும், இஸ்ரேலில் 2007இல் பிறந்த இன்ஃபோலிங்க்ஸும் போட்டியாளர்கள். இன்ஃபோலிங்க்ஸ் சிறிய தளங்களையும் தனிநபர்களையும் சேர்த்துக்கொண்டதால் வேகமாகப் பரவியது. கொன்டேராவை 2014இல் சிங்டெல் குழுமம் 15 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்குள் அந்நிறுவனத்தின் மதிப்பு உரையிடை விளம்பரத்தைவிட, வாசகத்தைப் பகுத்தறியும் அதன் தொழில்நுட்பத்திலேயே அதிகமாக இருந்தது.

இவர்கள் வளர்ந்த சூழலையும் பார்க்கவேண்டும். இணையத்தின் முதல் பேனர்கள் 1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் தளத்தில் வந்தவை. நான்கே ஆண்டுகளில், 1998இல், ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பேனர் குருடு என்ற நிலையைப் பதிவுசெய்தார்கள். பேனர் போலத் தோன்றும் எதையும் பயனர்களின் கண் தானாகவே தாண்டிச் சென்றது. பக்கத்தின் பொருளுக்கேற்ற விளம்பரம் தரும் ஆட்சென்ஸை 2003இல் கூகுள் தொடங்கியது. அதுவும் தனிக் கட்டத்துக்குள்தான் நின்றது. வாசகரின் கண் தவறாமல் போகும் இடம் கட்டுரையின் வரிகள் மட்டுமே. விளம்பரம் அங்கே வந்து சேர்ந்ததன் காரணம் இதுதான்.

ஆசிரியர் குழுவின் எதிர்ப்பு

2004இல் ஃபோர்ப்ஸ் இணையதளம் இன்டெலிடெக்ஸ்டைச் சோதித்துப் பார்த்தது. செய்திப் பிரிவினர் ஆட்சேபித்தார்கள். அவ்வாண்டு முடிவதற்குள் தளம் அதைக் கைவிட்டது. விளம்பரதாரர் விலை கொடுத்த சொல் கட்டுரையில் கூடுதலாக வரும்படி எழுதச் சொல்லி நாளை யாராவது கேட்கலாம் என்ற அச்சம் ஒருபுறம் இருந்தது. யாரும் கேட்காவிட்டாலும் கேட்டதாக வாசகர் நினைத்தாலே போதும், கட்டுரையாளரின் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சம் மறுபுறம். அமெரிக்க இதழாசிரியர் சங்கத்தின் நெறிமுறையும் இதே பக்கம் நின்றது: கட்டுரைக்குள் வரும் இணைப்புகள் ஆசிரியரின் முடிவாக இருக்கவேண்டும், காசு வாங்கிக் கொடுத்த இணைப்பென்றால் வாசகருக்குச் சொல்லவேண்டும்.

ஃபோர்ப்ஸ் போன்ற பெரிய இதழுக்கு அச்சுப் பதிப்பின் வருமானமும் பலமான செய்திப் பிரிவும் இருந்தன. மதர்போர்டுகளையும் கிராஃபிக்ஸ் கார்டுகளையும் சோதித்து எழுதிய சின்னத் தளங்களுக்கு இரண்டும் இல்லை. அங்கே ஆசிரியரும் விளம்பரம் பிடிப்பவரும் பெரும்பாலும் ஒரே ஆள். செய்திக்கும் விளம்பரத்துக்கும் நடுவே சுவர் எழுப்ப ஆள் போதாது.

தொழில்நுட்பத் தளங்களில் ஏன்

இரண்டு காரணங்கள் ஒன்றோடொன்று மோதின. முதலாவது, இத்தளங்களின் சாதாரண வாக்கியங்களே விற்பனைச் சொற்களால் நிறைந்தவை. ரவுட்டர், ஹார்ட் டிஸ்க், ஆன்ட்டிவைரஸ், பிரிண்டர் என்று விளம்பரதாரர் தேடும் சொல் பத்திக்கு நான்கு கிடைக்கும். இரண்டாவது, இவற்றின் வாசகர்களுக்குப் பக்கத்தின் பின்னால் நடப்பது புரியும். எந்த நிரல் எங்கிருந்து இறங்குகிறது என்று பார்க்கவும், அந்த முகவரியைத் தடுக்கவும், தடுக்கும் வழியை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் அவர்களால் முடியும். விளம்பரத் தடுப்பான்களை முதலில் கையிலெடுத்தவர்களும் இவர்களே. 2010 மார்ச்சில் ஆர்ஸ் டெக்னிக்கா தளம், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களுக்குக் கட்டுரையை மறைத்து 12 மணி நேரச் சோதனை ஒன்று நடத்தியது. பிறகு அதன் ஆசிரியர் கென் ஃபிஷர் தன் தளத்தின் வருமான நெருக்கடியை விளக்கிக் கட்டுரை எழுதவேண்டியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் எரிச்சலூட்டும் விளம்பரங்களைப் போட்ட வேறு தளங்களின் பாவத்தையும் நிதானமான தளங்கள் சுமக்க நேர்ந்தது என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

மதிப்புரை எழுதும் தளங்களின்மேல் வாசகருக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்தது. தீர்ப்பு சொல்லவேண்டிய பொருளைத் தயாரிப்பவரே விளம்பரமும் தருகிறார் என்பதால் வரும் சந்தேகம் அது. 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் தளத்தின் ஜெஃப் கெர்ஸ்ட்மன், கேன் அண்ட் லின்ச் என்ற விளையாட்டுக்குச் சுமாரான மதிப்பெண் கொடுத்த சில நாள்களில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்த நேரத்தில் தளம் முழுக்க அதே விளையாட்டின் விளம்பரம் இருந்தது. விளம்பரதாரர் அழுத்தமே பின்னணி என்று 2012இல் அவர் வெளிப்படையாகப் பேசினார். இது உரையிடை விளம்பரத்தால் வந்ததல்ல. ஆனால் இப்படி ஒன்று நடக்கக்கூடும் என்று அறிந்த வாசகர், குறை சொல்லும் வரியிலேயே ஒரு போட்டி நிறுவனத்தின் விளம்பரம் தொங்குவதைப் பார்க்கும்போது தற்செயல் என்று எளிதில் நம்பமாட்டார். வைரஸ் தாக்குதல் பற்றிய செய்தியில் ‘வைரஸ்’ என்ற சொல்லை ஒரு ஆன்ட்டிவைரஸ் நிறுவனம் வாங்கியிருந்தால், செய்தியே அந்த நிறுவனத்துக்காக எழுதியதோ என்ற கேள்வி எழும். கட்டுரையாளர் முற்றிலும் நேர்மையானவராக இருந்தாலும் அவரால் அதற்குப் பதில் சொல்லமுடியாது. அந்த இணைப்பை வைத்தவர் அவர் இல்லை.

இணைப்பின் மீதான நம்பிக்கை

1993இல் வந்த மொசைக் உலாவியின் நீல நிற, கோடிட்ட சொல் வாசகருக்கும் எழுத்தாளருக்கும் இடையே ஓர் உடன்பாட்டை ஏற்படுத்தியது. கோடு இருந்தால் அங்கே ஆதாரமோ கூடுதல் விவரமோ இருக்கிறது, அதை உங்களுக்குக் காட்ட நான் தேர்ந்தெடுத்தேன் என்று எழுதியவர் சொல்வதாக அர்த்தம். அச்சுப் புத்தகத்தில் அடிக்குறிப்பு எண் செய்யும் வேலையை இணையத்தில் இந்தக் கோடு செய்தது. உரையிடை விளம்பரம் அந்தக் குறியையே கடன் வாங்கியது. இரட்டைக் கோடு, பச்சை நிறம் என்று வேறுபாடு வைத்திருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் நிறத்தைத் தள உரிமையாளர் மாற்றிக்கொள்ளலாம். பழகாத வாசகருக்கு அந்த வேறுபாடு முதல் பெட்டி திறந்த பிறகே தெரியும். தெரிந்தபின் அவர் செய்யக்கூடியது ஒன்றுதான்: கோடிட்ட எந்தச் சொல்லின் பக்கமும் அம்புக்குறியைக் கொண்டுபோகாமல் இருப்பது. அதனால் கட்டுரையாளர் தேடிப் பிடித்துக் கொடுத்த உண்மையான இணைப்புகளும் படிக்கப்படாமல் போயின. என் கணிப்பில் இந்த விளம்பர முறை செய்த பெரிய சேதம் இதுவே. வரியை மறைக்கும் பெட்டியின் எரிச்சல் ஒரு நொடியில் போய்விடும். ஆதாரத்தைப் பார்க்கும் பழக்கம் போனால் திரும்ப வருவது கடினம்.

யார் வைத்த இணைப்பு என்ற குழப்பம் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 2012 மே மாதத்தில் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. விக்கிப்பீடியாவில் விளம்பரம் வருவதாகப் பலர் புகார் சொன்னார்கள். விக்கிப்பீடியா விளம்பரமே போடுவதில்லை. அப்படிப் பார்ப்பவரின் உலாவியில் தீய நிரலோ நீட்சியோ புகுந்திருக்கும் என்று விக்கிமீடியா அறக்கட்டளை அறிவிப்பு வெளியிட்டு விளக்கவேண்டியதாயிற்று. பத்தாண்டுக்கு முந்தைய டாப்டெக்ஸ்ட் வேறு பெயரில் திரும்பி வந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் உண்மையான செய்தித் தளங்களே கோடிட்ட விளம்பரத்தை வழக்கமாக்கியிருந்ததால், இது தளத்தின் வேலையா கணினியில் புகுந்த கிருமியின் வேலையா என்று பிரித்தறிய வாசகருக்கு வழி இல்லை.

தேய்வும் அடுத்து வந்தவையும்

தொடுதிரைக் கைப்பேசிகளில் சொல்லின்மேல் அம்புக்குறியை நிறுத்துவது என்ற செயலே கிடையாது. விரல் பட்டால் அது கிளிக். வாசகர்கள் கைப்பேசிக்கு மாற மாற, இந்த முறை நின்றிருந்த தரை சரிந்தது. 2015 செப்டம்பரில் ஐ.ஓ.எஸ். 9 கைப்பேசி உலாவியிலும் விளம்பரத் தடுப்பை அனுமதித்தது. 2018 பிப்ரவரியில் கூகுள் குரோம், எல்லை மீறும் சில விளம்பர வகைகளைத் தானே வடிகட்டத் தொடங்கியது. விளம்பர நிறுவனங்கள் படங்களுக்கும் காணொளிக்கும் நகர்ந்தன. வைப்ரன்ட் 2012லேயே படங்களின்மேல் விளம்பரம் ஏற்றும் நிறுவனம் ஒன்றை வாங்கியிருந்தது.

சொல்லை விற்பது மட்டும் நிற்கவில்லை. லண்டனைச் சேர்ந்த ஸ்கிம்லிங்க்ஸும் 2009இல் வந்த விக்லிங்க்கும், கட்டுரையில் இருக்கும் சாதாரணக் கடை இணைப்புகளைத் தரகு தரும் இணைப்புகளாகத் தாமாகவே மாற்றின. வாசகர் வாங்கினால் தளத்துக்குப் பங்கு. பெட்டி திறப்பதில்லை, வரி மறைவதில்லை, பக்கம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் பச்சை இரட்டைக் கோடு குறைந்தபட்சம் தன்னை விளம்பரம் என்று காட்டிக்கொண்டது. தரகு இணைப்பு மற்ற இணைப்புகளைப் போலவே இருக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009இல் திருத்திய வழிகாட்டுதல்கள், பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் பண உறவு இருந்தால் அதை வாசகருக்கு அறிவிக்கவேண்டும் என்றன. 2019 செப்டம்பரில் கூகுள், காசுக்கு வைத்த இணைப்புகளைத் தேடுபொறிக்குத் தெரிவிக்கத் தனி அடையாளம் ஒன்றை அறிமுகப்படுத்தியது. அந்த அடையாளம் பக்கத்தின் நிரலில் இருக்கும். படிப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

2011இல் பிரையன் லாம் தொடங்கி, 2016இல் நியூயார்க் டைம்ஸ் ஏறக்குறைய 3 கோடி டாலருக்கு வாங்கிய வயர்கட்டர், தரகு இணைப்பையே வருமானத்தின் அடிப்படையாக வைத்து வளர்ந்த தளம். வாங்கினால் எங்களுக்குத் தரகு கிடைக்கலாம் என்ற வரியைக் கட்டுரையின் உச்சியிலேயே போடுகிறது. எந்தக் கடையோடு வணிகப் பிரிவுக்கு ஒப்பந்தம் இருக்கிறது என்பதைத் தேர்வு முடியும்வரை எழுதுபவருக்குத் தெரிவிப்பதில்லை என்றும் சொல்கிறது. அங்கே பொருளைத் தேர்ந்தெடுப்பது முதலில், இணைப்பு வைப்பது அதற்குப் பிறகு.