உறக்கத்திற்கு முந்தைய நடைமுறை

உறக்கத்திற்கு முந்தைய நடைமுறை என்பது, சிறு குழந்தைகளை விளையாட்டு மனநிலையிலிருந்து உறக்கத்திற்குப் படிப்படியாக இட்டுச் செல்லும் பொருட்டு, ஒவ்வோர் இரவும் ஒரே வரிசையில் மேற்கொள்ளப்படும் அமைதியான செயல்களின் தொகுப்பு ஆகும். குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், பல் துலக்குதல், கதை கூறுதல், தாலாட்டுப் பாடுதல் முதலியன இதில் அடங்கும்.

தேவையான உறக்க அளவு

உலக சுகாதார அமைப்பு 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பகல் தூக்கத்தையும் சேர்த்து 1–2 வயதினருக்கு 11 முதல் 14 மணி நேரமும், 3–4 வயதினருக்கு 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் தேவை. உறக்கம் குறைந்த குழந்தை பெரியவர்களைப் போலச் சோர்ந்து காணப்படாமல், கூடுதல் துடிப்பும் எரிச்சலும் பிடிவாதமும் காட்டுவதுண்டு. தூக்கம் வரவில்லை என்று இதனைத் தவறாகக் கருதிப் படுக்கும் நேரத்தைத் தள்ளிப்போட்டால் சிக்கல் மேலும் வளரும்.

உடலியங்கியல் அடிப்படை

இருள் சூழும்போது மூளையிலுள்ள கூம்புச் சுரப்பி மெலடோனின் என்னும் இயக்குநீரைச் சுரக்கிறது. இது உடலுக்கு இரவு வந்துவிட்டதை உணர்த்துகிறது. ஒளி, குறிப்பாக நீல ஒளி, இச்சுரப்பைத் தடுக்கும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 3 முதல் 5 வயது வரையான 10 குழந்தைகள் உறங்கும் நேரத்திற்கு முன் ஒரு மணி நேரம் பிரகாசமான ஒளியில் இருத்தப்பட்டனர். அவர்களது மெலடோனின் அளவு ஏறத்தாழ 88% குறைந்தது.

வெதுவெதுப்பான நீரில் குளித்தபின் தோலின் குருதிக் குழாய்கள் விரிந்து வெப்பத்தை வெளியேற்றுகின்றன. இதனால் உடலின் உள்வெப்பம் தணிந்து உறக்கம் எளிதாகிறது.

ஆய்வு முடிவுகள்

ஜோடி மிண்டெல் என்னும் உளவியலாளரும் குழுவினரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வில் 405 தாய்மாரும் அவர்களது குழந்தைகளும் பங்கேற்றனர். குளியல், உடல் நீவல், அமைதியான செயல் ஆகிய மூன்றும் இரண்டு வாரம் கடைப்பிடிக்கப்பட்டன. குழந்தைகள் விரைவில் உறங்கியதோடு இரவில் விழிப்பதும் குறைந்தது. தாய்மாரின் மனநிலையும் மேம்பட்டது. 14 நாடுகளைச் சேர்ந்த 10,085 தாய்மாரிடம் தகவல் திரட்டிய 2015 ஆம் ஆண்டு ஆய்வு, வாரத்தில் எத்தனை இரவுகள் நடைமுறை பின்பற்றப்படுகிறதோ அந்த அளவிற்கு உறக்கமும் சிறப்பாக இருப்பதாகக் காட்டியது.

கடைப்பிடிக்கும் முறை

- படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொலைக்காட்சி, கைபேசி ஆகியவற்றை நிறுத்தி, விளக்கொளியைக் குறைத்தல்.
- ஓடியாடும் விளையாட்டுகளை மாலையிலேயே முடித்தல்.
- மூன்று அல்லது நான்கு செயல்களை மட்டும் தேர்ந்து, வரிசை மாறாமல் சுமார் 30 நிமிடங்களில் முடித்தல்.
- எந்தக் கதை, எந்த உடை என்பன போன்ற சிறு தெரிவுகளைக் குழந்தையிடமே விடுதல்.
- குழந்தை முழுமையாக உறங்குமுன், கண் சொருகும் நிலையிலேயே படுக்கையில் கிடத்துதல்.

தண்ணீர் வேண்டும், இன்னொரு கதை வேண்டும் எனக் குழந்தைகள் மீண்டும் மீண்டும் எழுந்து வருவது இயல்பு. இதற்கெனப் 'படுக்கை அனுமதிச் சீட்டு' என்னும் முறை உண்டு. இரவில் ஒருமுறை மட்டும் எழுந்து வரக் குழந்தைக்கு ஓர் அட்டை தரப்படும். பயன்படுத்தியதும் அது திரும்பப் பெறப்படும்.

தமிழ் மரபில்

தொட்டிலும் தூளியும் தாலாட்டும் தமிழர் வாழ்வில் இதே பணியைச் செய்து வந்துள்ளன. 'தால்' என்பது நாக்கைக் குறிக்கும். நாவை அசைத்துப் பாடுவதால் தாலாட்டு எனப் பெயர் பெற்றது என்பர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் மூன்றாவது தாலப் பருவம் ஆகும்.

எச்சரிக்கை

குழந்தையை உறங்க வைப்பதற்காக இருமல் மருந்தையோ மெலடோனின் மாத்திரையையோ மருத்துவர் ஆலோசனையின்றித் தருதல் ஆபத்தானது. அமெரிக்க நச்சுத் தடுப்பு மையங்களுக்கு அறிவிக்கப்பட்ட, குழந்தைகள் மெலடோனின் உட்கொண்ட நிகழ்வுகள் 2012 இல் 8,337 ஆக இருந்து, 2021 இல் 52,563 ஆக உயர்ந்தன. குழந்தை நாள்தோறும் உரக்கக் குறட்டை விட்டாலோ, உறக்கத்தில் மூச்சு இடையிடையே தடைப்பட்டாலோ மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். இவை நடைமுறை மாற்றத்தால் மட்டும் தீர்வன அல்ல.