கேடிஎச் பிறந்த கதை

மருதமுனையிலோ சாய்ந்தமருதிலோ ஒருவர் கத்தாருக்குப் புறப்படுகிறார் என்றால், உம்மா, வாப்பா, பிள்ளைகள் எல்லாரும் இஷாத் தொழுகைக்குப் பிறகு வேனில் ஏறிவிடுவார்கள். அம்பாறை, மஹியங்கனை, பதினெட்டு வளைவு, கண்டி என்று மலையேறி இறங்கி, விடியுமுன் கட்டுநாயக்க விமான நிலையத்தில் நிற்க வேண்டும்.

இப்படி நெடுந்தூரத்தை வேகமாகவும் உடம்பு நோகாமலும் கடக்கும் காரை ஐரோப்பாவில் கிராண்ட் டூரிங் என்பார்கள். இத்தாலியின் லான்சியா நிறுவனம் 1951இல் வெளியிட்ட அவுரேலியா பி20 ஜிடி அந்த வகையின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. அதன் வலு 75 குதிரைவலு. எங்கள் கிழக்குக் கரையின் நெடும்பயண வண்டியான கேடிஎச் வேனுக்கு அதைவிட வலு கூட. ஆனால் அது பிறந்தது சரக்கு ஏற்றுவதற்கு.

அதன் மூதாதையான டொயோட்டா ஹையேஸ் 1967இல் வந்தது. ஜப்பானில் சிறிய சரக்கு வண்டி என்ற வகுப்புக்குள் நின்றால் வரி குறைவு. அதற்கு நீளம் 4.7 மீற்றர், அகலம் 1.7, உயரம் 2 மீற்றரைத் தாண்டக்கூடாது. பெற்றோல் எஞ்சின் 2000 சீசீக்குள் இருக்க வேண்டும். டீசலுக்கு அந்தத் தடை இல்லை. எனவே எஞ்சினை முன்னிருக்கைக்குக் கீழே தள்ளி, பக்கங்களை நிமிர்த்தி, மிஞ்சிய இடம் முழுவதையும் சாமானுக்கு விட்டார்கள். அந்த இடத்தில்தான் இன்று எங்கள் குடும்பங்கள் இருக்கை போட்டு உட்கார்ந்திருக்கின்றன.

1989இல் வந்த நான்காம் தலைமுறையை இலங்கையில் டொல்பின் என்கிறோம். அதில் வந்த 2.8 லீற்றர் டீசல் எஞ்சினுக்கு டர்போ கிடையாது, வலு 91. ஏற்றத்தில் முக்கும், முனகும், ஆனால் ஏறிவிடும். டீசல் பம்ப் முதல் எல்லாமே கையால் கழற்றிப் பூட்டக்கூடியவை என்பதால், ஊர்க் கராஜிலேயே பாஸ்மார் அதை உயிரோடு வைத்திருந்தார்கள். நான் மிகவும் மதிக்கும் வண்டி அது.

டொல்பினுக்கு அடுத்த ஹையேஸ் தலைமுறையான கேடிஎச் 2004 ஆகஸ்டில் ஜப்பானில் வெளியானது. நீளம் 4,695 மில்லிமீற்றர், அகலம் 1,695, உயரம் 1,980: வரி எல்லையின் விளிம்பு வரை வந்து நிற்கும் உடல். ஸ்டியரிங் தண்டில் இருந்த கியர் முன்பலகைக்குப் போனது. பம்ப் தள்ளிய டீசலைக் கணினி அளந்து தெளிக்கும் கொமன் ரெயில் வந்தது. மூன்று லீற்றர் எஞ்சின் முதலில் 136, பிறகு 144 குதிரைவலு தந்தது. பதினெட்டு வளைவில் ஆள் நிறைந்திருந்தாலும் ஏஸியை நிறுத்தாமல் ஏறும் பலம் இது. போர் 2009இல் முடிந்து, சோதனைச் சாவடிகள் குறைந்து, இரவுப் பாதை மக்களுக்குத் திரும்பியபோது அதற்கேற்ற வண்டி இதுவாக இருந்தது.

ஓட்டத்தில் கேடிஎச்சை டொல்பினால் நெருங்க முடியாது. பழுதில் கதை மாறும். இன்ஜெக்டர் கெட்டால் அதைச் சோதிக்கக் கருவி வேண்டும், அழுக்கு டீசலையும் அது தாங்காது, செலவும் பெரிது. 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025இல் மீண்டும் திறக்கும் வரை, இருந்த வண்டிகளையே பழுது பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள். டொல்பின்களுக்கும் மறுபடி மதிப்பு வந்தது.

2019இல் டொயோட்டா வெளிநாடுகளுக்கென மூக்கு நீண்ட புதிய ஹையேஸைச் செய்தது. அது 1.7 மீற்றர் அகலத்துக்குள் அடங்காது. அதனால் ஜப்பானில் 2004இன் உருவமே தொடர்ந்து விற்பனையானது. எங்களுக்கு ரீகண்டிஷன் வேன்கள் வருவதும் அங்கிருந்துதான்.