தோவாளையிலிருந்து வந்த வருடம்

திருவனந்தபுரத்துத் தமிழர் வரலாறு என்றால் நம் மலர்களில் பெரும்பாலும் வலியசாலை, கரமனை அக்கிரகாரம், சாலைக் கடைத்தெரு, மனோன்மணீயம் சுந்தரனார் என்றுதான் எழுதுவோம். நானும் அப்படி எழுதியவன்தான். இம்முறை ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பற்றி எழுத எண்ணுகிறேன். வரலாற்றுக் கட்டுரைக்கு இது பொருளாகுமா என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

2008ஆம் ஆண்டு என்று நினைவு. எங்கள் தெருவில் வீட்டுவேலை செய்துவந்த ஓர் அம்மாள் ஒரு நாள் மாலை வந்து, திண்ணையில் உட்காராமல் படியில் உட்கார்ந்தார். கையில் மலையாளத்தில் அச்சிட்ட ஒரு படிவம். மானிய விலையில் அடுக்குமாடி வீடு கொடுக்கிறார்களாம், பூர்த்தி செய்து தரவேண்டும் என்றார். பெயர், வயது, ரேஷன் கார்டு எண் எல்லாம் எழுதியாயிற்று. சாதி என்ன, எந்த ஊர்க்காரர், எப்போதிலிருந்து இங்கே குடியிருப்பு என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"அப்பா வந்த வருஷம் எனக்கு எப்பிடி அண்ணாச்சி தெரியும்? நான் பொறக்கதுக்கு முன்னாடியே வந்தாச்சு. தோவாளையில மழை இல்லாத வருஷம்னு அம்மை சொல்லுவா" என்றார்.

இந்த ஒரு வரிக்குப் பின்னால் எவ்வளவு சரித்திரம் கிடக்கிறது என்பது அன்று எனக்கே முழுதாகத் தோன்றவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லவேண்டும். வெளியூர்களில் வாழும் நம் உறவினர் பலர் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் மூலமாகவே அடுக்ககம் வாங்கியவர்கள். பம்பாயில் காம்தேவிப் பகுதியில் சாரஸ்வத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் 1915இல் தொடங்கியது. இங்கிலாந்தில் குடியிருப்போரே பங்குதாரராகச் சேர்ந்து வீடு கட்டிய முறையைப் பார்த்துச் செய்தது அது. 1896இல் பம்பாயில் பிளேக் வந்தபிறகு நகரை விரித்தபோது உருவான மாட்டுங்காவில் நம்மவர்கள் மாடி வீடுகளில் வாழப் பழகினார்கள். சென்னை அடையாறு காந்திநகர் 1940களின் இறுதியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்த குடியிருப்பே. தில்லியில் 1970, 80களில் அரசு ஊழியர்கள் சேர்ந்து சங்கம் பதிவு செய்வார்கள், தில்லி வளர்ச்சிக் குழுமம் நிலம் ஒதுக்கும், ஆண்டுக்கணக்கில் தவணை கட்டுவார்கள், கடைசியில் குலுக்கல் போட்டு யாருக்கு எந்த மாடி என்று முடிவாகும். என் அத்தான் ஒருவருக்கு நான்காவது மாடி விழுந்தது. லிப்ட் இல்லாத கட்டடம். இருந்தாலும் தலைநகரில் ஒரு கூரை.

திருவனந்தபுரத்தில் அந்த வழக்கம் வேரூன்றவில்லை. இங்கே வீடு என்றால் மண். மூன்று சென்ட் ஆனாலும் சொந்த மண்ணில் ஒரு கிணறு, ஒரு தென்னை, ஒரு முருங்கை. எனவே கேரளத்தில் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கம் என்பது பெரும்பாலும் வீடு கட்டிக் கொடுக்கும் சங்கமாக இல்லாமல் கடன் கொடுக்கும் சங்கமாகவே வளர்ந்தது. அவற்றுக்கெல்லாம் தலைமை இணையமான ஹவுஸ்பெட் 1970இல் அமைந்தது. அடுத்த ஆண்டே கேரள மாநில வீட்டுவசதி வாரியமும் வந்தது. கடன் சங்கத்தில் உறுப்பினராக வேண்டுமானால் பங்குத்தொகை வேண்டும், ஈடு வைக்க நிலம் வேண்டும், ஜாமீன் கையெழுத்துப் போட இரண்டு பேர் வேண்டும். மூன்றும் என்னிடம் இருந்தன. 1984இல் கரமனைப் பக்கம் நான்கரை சென்ட் வாங்கி அப்படித்தான் கட்டினேன். என் தகப்பனாரும் சுசீந்திரத்திலிருந்து சாலையில் ஒரு பலசரக்குக் கடையில் கணக்கெழுத வந்தவர்தான். எந்த வருடம் வந்தார் என்று என்னை ஒரு படிவமும் கேட்கவில்லை. நிலம் உள்ளவனிடம் பத்திரத்தைக் கேட்பார்கள், பரம்பரையைக் கேட்பதில்லை.

இந்நகரத்தில் தமிழர்களுக்கு ஆட்சியாளர் இடம் கொடுப்பது புதிதன்று. கார்த்திகைத் திருநாள் காலத்தில், 1795இல், தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து இங்கே பெயர்ந்தது. கோயில், அரண்மனை, கச்சேரிப் பணிகளுக்கு வந்த தமிழ் அந்தணர்களுக்குக் கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் தெருத்தெருவாக வீடுகள் அமைந்தன. திவான் ராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை உண்டாக்கியபோது தமிழ் வணிகர்கள் குடியேறினர். இவற்றை நாம் பெருமையாகச் சொல்கிறோம். செங்கல் சுமக்கவும் சாக்கடை அள்ளவும் வந்த தமிழர் எங்கே படுத்தார்கள் என்பதை நம் மலர்கள் எழுதியதாக எனக்கு நினைவில்லை. தலைமைச் செயலகத்துக்கும் தம்பானூருக்கும் இடையே செங்கல்சூளை என்றொரு குடியிருப்பு இருக்கிறது. பின்னாளில் ராஜாஜி நகர் என்று பெயர் மாற்றினாலும் ஊர் வாயில் பழைய பெயர்தான். 1869இல் திறக்கப்பட்ட செயலகக் கட்டடத்துக்குச் செங்கல் சுட்ட இடம் அது என்று சொல்வார்கள். அந்த அம்மாளின் தகப்பனார் வந்து சேர்ந்தது அங்கேதான்.

அரசாங்கம் ஏழைக்கு வீடு கட்டித் தரும் என்ற எண்ணம் கேரளத்தில் பெரிய அளவில் எழுந்தது 1972இல். அச்சுத மேனோன் முதலமைச்சர், எம்.என்.கோவிந்தன் நாயர் வீட்டுவசதி அமைச்சர். 1970இல் நிலச்சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்து, குத்தகைதாரருக்கு நிலம் கிடைத்தது. நிலமே இல்லாத கூலிக்காரனுக்கு என்ன என்ற கேள்வி எழுந்தது. பஞ்சாயத்துக்கு நூறு வீடு வீதம் மாநிலம் முழுதும் லட்சம் வீடு என்று கணக்குப் போட்டார்கள். இடத்தைப் பஞ்சாயத்து பார்த்துக் கொடுக்கவேண்டும். கல்லூரி மாணவர்கள் மண் சுமந்தார்கள். செலவைக் குறைக்க இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். லட்சம் என்ற எண்ணிக்கை எட்டப்படவில்லை. ஆனாலும் இன்றும் கேரளத்தில் எந்த ஊருக்குப் போனாலும் 'லட்சம் வீடு காலனி' என்று ஒரு பஸ் நிறுத்தம் இருக்கும். அந்தப் பொதுச்சுவர் பட்ட பாடு தனிக்கதை. ஒரு வீட்டுக்காரர் இடித்துக் கட்ட நினைத்தால் அடுத்த வீட்டுக் கூரை சரியும். இரட்டை வீடுகளை ஒற்றை வீடுகளாக்கவே பின்னாளில் அரசு தனித்திட்டம் போடவேண்டி வந்தது. அக்கிரகாரத்திலும் வீட்டுக்கு வீடு பொதுச்சுவர்தான். அங்கே அது மரபு எனப்பட்டது, இங்கே சிக்கனம் எனப்பட்டது.

பஞ்சாயத்துக் கணக்கில் போட்ட திட்டம் மாநகரத்துக்குள் இருந்தவர்களுக்கு அவ்வளவாக உதவவில்லை. நகருக்குள் காலியிடம் ஏது? இங்கேதான் லாரி பேக்கரைக் குறிப்பிடவேண்டும். 1917இல் பர்மிங்காமில் பிறந்த இந்தக் கட்டடக் கலைஞர் திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் வீடு கட்டிக்கொண்டு 2007இல் மறையும்வரை இந்நகரத்தாராகவே வாழ்ந்தார். செங்கல்லைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவில் இடைவெளி விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டில் நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும், வீட்டுக்குள் சூடும் குறையும் என்று செய்து காட்டியவர். தம்பானூரில் சுற்றிச் சுற்றி ஏறும் இந்தியன் காபி ஹவுஸ் அவர் கட்டியதே. 1985இல் அச்சுத மேனோன், பொருளியல் அறிஞர் கே.என்.ராஜ் முதலியோருடன் அவர் தொடங்கிய காஸ்ட்போர்டு நிறுவனம் செங்கல்சூளையிலும் கிழக்கேகோட்டை அருகே கரிமடம் காலனியிலும் அடுக்கு வீடுகள் கட்டியது. மேலே போகப்போக மாடி உள்வாங்கும்; மேல்வீட்டுக்காரிக்கும் துணி உலர்த்த, பிள்ளை விளையாட, ஒரு திறந்த முற்றம் கிடைக்கும். குடிசையில் வாழ்ந்தவளுக்கு வாசல் என்பது அறையைவிட முக்கியம் என்பதைப் படித்த பொறியாளர்களில் எத்தனை பேர் யோசித்தார்கள்?

சரி, படிவத்துக்கு வருவோம். 2005 டிசம்பரில் மத்திய அரசு ஜவஹர்லால் நேரு பெயரில் நகரப் புதுப்பிப்புத் திட்டம் கொண்டுவந்தது. கேரளத்தில் திருவனந்தபுரமும் கொச்சியும் மட்டும் அதில் சேர்ந்தன. நகர்ப்புற ஏழைகளுக்கான அதன் பிரிவில் வீட்டின் அளவு குறைந்தது 25 சதுர மீட்டர் இருக்கவேண்டும். இரண்டு அறை, சமையலறை, கழிப்பறை உண்டு. வீடு இலவசமன்று. பயனாளி தம் பங்காக 12 சதவீதம் கட்டவேண்டும். பட்டியல் சாதியினர், பிற்பட்டோர் முதலிய நலிந்த பிரிவினருக்கு 10 சதவீதம். மீதியை மத்திய, மாநில அரசுகளும் மாநகராட்சியும் ஏற்கும். பத்திரம் முடிந்தவரை பெண்ணின் பெயரில் அல்லது தம்பதியர் இருவர் பெயரில். காகிதத்தில் குறைசொல்ல ஒன்றுமில்லை. பட்டியல் சாதி என்று எழுதினால் வீட்டுத் திட்டம் மட்டுமல்ல, மாநிலத்தின் பட்டியல் சாதி மேம்பாட்டுத் துறை தரும் நிலம், வீட்டு உதவிகளும் திறக்கும். எழுதினால் சான்றிதழ் வேண்டும்.

சான்றிதழுக்குத்தான் அப்பா வந்த வருடம். பட்டியல் சாதிகளைப் பற்றிய குடியரசுத் தலைவர் ஆணை 1950 ஆகஸ்ட் 10ஆம் நாள் வெளிவந்தது. அந்தப் பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனி. அந்த நாளுக்குப் பிறகு ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் பிறந்த மாநிலத்துப் பட்டியல்தான் பொருந்தும், குடியேறிய இடத்துச் சலுகை கிடையாது. 1990இல் உச்ச நீதிமன்றம் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. மூணாறு, பீர்மேடு தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த தமிழர்களையும் இந்த 1950தான் இன்றுவரை அலைக்கழிக்கிறது.

ஆனால் தோவாளை? 1950இல் அது சென்னை மாநிலத்தில் இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் அன்று திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தன. நேசமணி தலைமையில் நம்மவர்கள் போராடியதன் பயனாக 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் அவை தமிழ்நாட்டோடு சேர்ந்தன. அந்த வெற்றியை நாம் ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். அந்த அம்மாளின் தகப்பனார் 1948இல் வந்திருந்தாலும் 1953இல் வந்திருந்தாலும் ஒரே மாநிலத்துக்குள் ஓர் ஊரிலிருந்து தலைநகருக்கு வந்தவர். அவர் எல்லையைத் தாண்டவில்லை. செங்கல்சூளையில் படுத்திருந்தவரைத் தாண்டி எல்லைதான் போயிற்று.

தேடினோம். அவருடைய அண்ணன் படித்த பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு கிடைத்தது. பிறந்த தேதி கொல்லம் ஆண்டு 1124 மீனம், அதாவது 1949 மார்ச்–ஏப்ரல். அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் சொல்ல மனம் வரவில்லை: பிறந்த நாள் இருக்கிறதே ஒழிய, பிறந்த இடம் அதில் இல்லை. பள்ளியில் சேர்ந்தது 1955இல். குடிசையில் பிறந்த குழந்தைக்கு நகரசபைப் பிறப்புப் பதிவு எங்கே இருக்கும்?

பிறகு நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். ஒரு முழுத்தாளில், மலையாளத்தில், தோவாளை எப்போது எந்த மாநிலத்தில் இருந்தது என்று தேதி வாரியாக எழுதிப் படிவத்தோடு இணைத்தேன். அலுவலகத்துக்கும் கூடவே போனேன். அங்கிருந்த குமாஸ்தா இளைஞர், மரியாதையானவர், முழுவதும் வாசித்தார். "சாரே, இது நல்ல சரித்திரம். பட்சே எனக்கு ஒரு ரேகை வேணும்" என்றார். ரேகை என்றால் ஆவணம். தோவாளை தமிழ்நாடு என்றுதான் அவர் படித்த பாடப்புத்தகத்திலும் இருந்திருக்கும். அவரைக் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. கடைசியில் சாதிக் கட்டத்தை விட்டுவிட்டுப் பொதுவில் மனுவைக் கொடுத்தோம். பட்டியல் வந்தபோது பெயர் இல்லை.

2018 அக்டோபரில் முட்டத்தறையில் கடலரிப்பால் வீடிழந்த மீனவக் குடும்பங்களுக்கு 192 அடுக்கு வீடுகளைத் திறந்தபோது போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூட முகாம்களில் வருடக்கணக்காகக் கிடந்தவர்கள் அவர்கள். நல்ல வீடுகள். ஒருவருக்குக் கிடைத்ததைப் பார்த்துப் பொறாமைப்படும் வயது எனக்கு இல்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்தப் படிவம்தான் நினைவில் ஓடியது.

2020இல் மாநில அரசின் லைப் திட்டத்துக்குப் புதிதாக மனு வாங்கினார்கள். ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குக் கீழே, தனி ரேஷன் கார்டு என்று நிபந்தனைகள். பட்டியல் சாதியினருக்கும் மீனவருக்கும் சிலவற்றில் தளர்வு. அம்மாளுக்கு அப்போது முட்டுவலி. படியேறி வர முடியவில்லை. மகள்தான் வந்தாள், செங்கல்சூளையிலேயே பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவள். எல்லாம் கம்ப்யூட்டரில் தானே செய்துவிட்டதாகச் சொன்னாள். பிறகு ஏன் வந்தாய் அம்மா என்றேன்.

"மாமா, பாட்டா வந்த கதையை நீங்க ஒரு தாளில எழுதிக் குடுத்தீங்களாமே, அதோட காப்பி இருக்கா? சர்ட்டிபிக்கேட்டுக்கு எங்கிட்டயும் அதைத்தான் கேக்காவ."

பழைய கோப்பில் இருந்தது. கார்பன் காப்பி, எழுத்து மங்கியிருந்தது. திரும்ப எழுதிக் கொடுத்தேன்.