கண்டியின் சிறுவரசன் டொன் ஜுவான்

அரசன் சிறுவனாயிருக்குங் காலம் எந்நாட்டிற்கும் சோதனைக் காலமேயாகும். முடி சிறுவனின் தலைமேலிருக்கும். ஆட்சியோ அவனைச் சூழ்ந்து நிற்பவர் கையிலிருக்கும். ஆதலின் அத்தகைய அரசனது வரலாற்றை ஆராய்வோர், அவன் யாது செய்தான் என்று வினவுதலினும், அவனை யார் காத்தனர், எதன் பொருட்டுக் காத்தனர் என்று வினவுதலே பொருத்தமாகும். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியிலே கண்டியில் மிகக் குறுகிய காலம் அரசனெனப் பெயர் பெற்ற டொன் ஜுவான் என்னும் சிறுவனின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும்.

இன்று நுவரெலியா, அட்டன் மலைச்சாரல்களிலே தேயிலைச் செடிகள் நிரைநிரையாக விளங்குகின்றன. அக்காலத்தில் இம்மலைகள் அடர்ந்த காடுகளாயிருந்தன. காடும் கணவாயுமே கண்டி அரசின் அரண்களாகும். அவ்வரண்களுள் 1552 முதல் ஆண்டவன் கரலியத்த பண்டாரன். அவனுக்கு ஆண்மகவு இல்லை; குசுமாசனதேவி என்னும் ஒரு பெண்மகவே இருந்தது. சீதாவாக்கை மன்னன் முதலாம் இராசசிங்கன் 1582 அளவில் கண்டியைக் கைப்பற்றவே, கரலியத்தன் குடும்பத்தோடு திருகோணமலைக்கு ஓடினான். அங்கே வைசூரி நோய் அவனையும் அவன் தேவியையும் கொண்டு சென்றது. இறக்குமுன் அவன் தன் குழந்தையை யமசிங்க பண்டாரன் என்னும் நெருங்கிய உறவினனிடம் ஒப்புவித்தான். புகலிடம் வேறு காணாத யமசிங்கன் மன்னாரிலிருந்த போர்த்துக்கேயரை அடைந்தான். அவர்களுடைய ஆதரவில் அவன் ஞானஸ்நானம் பெற்று டொன் பிலிப் ஆனான். குழந்தை டோனா கதரீனா ஆயிற்று. டொன் பிலிப்பின் மைந்தனே நம் கட்டுரைக்குரிய டொன் ஜுவான்.

போர்த்துக்கேயர் இவர்களைப் பேணியது வெறும் அருளினால் அன்று. கோட்டையரசின் வரலாறு அவர்களுக்கு ஒரு பாடங் கற்பித்திருந்தது. கோட்டை மன்னன் ஏழாம் புவனேகபாகு தன் பேரன் தர்மபாலனின் உருவத்தைப் பொன்னாற் செய்வித்து லிசுபனுக்கு அனுப்ப, 1543இல் போர்த்துக்கல் மன்னன் அவ்வுருவத்திற்கு முடிசூட்டினான். 1551இல் தர்மபாலன் இளமையிலேயே அரியணை ஏறினான். போர்த்துக்கேயரின் பாதுகாப்பிலேயே வளர்ந்தான். 1580இல் தன் அரசையே போர்த்துக்கல் மன்னனுக்கு நன்கொடையாக எழுதிக் கொடுத்தான். இளம் அரசனைக் காப்பவர்க்கு நாளடைவில் அவன் நாடும் உரிமையாகும் என்பதை அவர்கள் இதனால் அறிந்தனர்.

1590ஆம் ஆண்டையடுத்து, சீதாவாக்கையின் பிடி மலைநாட்டில் தளர்ந்தபோது, போர்த்துக்கேயர் டொன் பிலிப்பைப் படையோடு கண்டிக்கு அழைத்துச் சென்று அரசனாக்கினர். மகாவலிக்கரையிலே கன்னொருவையில் தமக்கென ஓர் அரணும் அமைத்தனர். அப்படையோடு சென்றவர்களுள் கோணப்பு பண்டாரனும் ஒருவன். அவன் தந்தை வீரசுந்தர பண்டாரன் சீதாவாக்கை மன்னனாற் கொல்லப்பட்டவன். கோணப்புவும் போர்த்துக்கேயரிடம் புகலடைந்து ஞானஸ்நானம் பெற்றவனே. 1571இல் லெப்பாந்தோ கடற்போரில் வென்ற தளபதியின் நினைவாக அவனுக்கு இடப்பட்ட பெயரும் டொன் ஜுவான் என்பதே. ஆகவே ஒரே படையில் இரண்டு ஜுவான்கள் கண்டிக்குட் புகுந்தனர். ஒருவன் அரசனின் சிறுமகன், மற்றவன் போர் பயின்ற வீரன்.

டொன் பிலிப்பின் ஆட்சி நீடிக்கவில்லை. அவன் திடீரென இறந்தான். நஞ்சூட்டப்பட்டான் என்ற ஐயம் கோணப்புவின்மீது எழுந்தது. போர்த்துக்கேயர் உடனே பன்னிரண்டு வயதளவினனான டொன் ஜுவானை அரசனெனச் சாற்றினர். ஆயின் அச்சிறுவனுக்கு நாட்டில் வேரில்லை. மலைநாட்டு மக்கள் அவனை அந்நியரின் கைப்பிள்ளையாகவே கண்டனர். கோணப்பு கிளர்ச்சி செய்தபோது மக்கள் அவன் பக்கம் நின்றனர். கன்னொருவை அரணைக் கைவிட்ட போர்த்துக்கேயர் சிறுவரசனையும் உடன்கொண்டு மன்னாருக்கு மீண்டனர். அத்துடன் அவன் ஆட்சி முடிந்தது. கோணப்பு விமலதர்மசூரியன் என்னும் பெயருடன் அரசனாகிப் பௌத்த சமயத்தை மீண்டும் தழுவினான். தலதாவைக் கண்டிக்குக் கொணர்ந்து தன் ஆட்சிக்கு உறுதி தேடினான்.

அதன்பின் போர்த்துக்கேயர் டோனா கதரீனாவின் உரிமையை முன்னிறுத்தினர். 1594இல் அவளை அரசியாக்கும் நோக்குடன் சென்ற பேரோ லோபஸ் டி சூசாவின் படை தந்துறையில் அழிந்தது. இளவரசி விமலதர்மசூரியன் கையிற் சிக்கி அவன் தேவியானாள். வாளால் வென்ற அரசுக்கு அவளுடைய குலவுரிமை துணையாயிற்று. 1604இல் அவன் இறந்தபின் செனரதனும் அவளையே மணந்து அரசாண்டான். 1613இல் அவள் மறைந்தாள். அவளுடைய விருப்பத்தை இவர்களுள் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆயினும் கண்டியின் அரசவழி அவள் வயிற்றிலேயே தழைத்தது.

டொன் ஜுவானோ பிரான்சிஸ்கன் துறவிகளிடம் கல்வி கற்று, கோவாவிற்கும் பின்னர் போர்த்துக்கல்லுக்கும் அனுப்பப்பட்டான். அங்கே அவனுக்கு அரச மானியமும் ‘கண்டி இளவரசன்’ என்னும் மதிப்பும் கிடைத்தன. அவன் மதகுருவானான். லிசுபனை அடுத்த தெல்யெய்ராஸ் என்னுமிடத்தில் பிரான்சிஸ்கன் சபைக்கு ஒரு மடமும் தேவாலயமும் அமைத்தான். 1642இல் இறந்து அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டான். அவனைக் காத்த நாட்டின் நிலையும் ஈண்டு எண்ணத்தக்கது. மூன்று வயதில் அரசனான செபஸ்தியான் 1578இல் மகப்பேறின்றிப் போர்க்களத்தில் மடிய, 1580இல் போர்த்துக்கல்லே ஸ்பானிய மன்னனுக்கு உட்பட்டது. பிறர் அரசுரிமையைக் கையில் வைத்திருந்தவர்கள் தமதுரிமையை அறுபது ஆண்டுகள் இழந்திருந்தனர்.

1638இல் அதே கன்னொருவையிலே கதரீனாவின் மைந்தன் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயப் படையை முற்றாக அழித்தான். சிறுவனாய் அவ்விடத்தைவிட்டு அகன்ற டொன் ஜுவான் அப்பொழுது லிசுபனில் முதியவனாய் வாழ்ந்துகொண்டிருந்தான்.

இதே இராசசிங்கன் காலத்தில் மற்றொரு சிறுவனை முடி தேடி வந்தது. 1664இல் நிலம்பையிற் கிளர்ச்சி செய்தோர், மன்னன் மலைகளுக்குள் ஓடியபின், கண்டியிலிருந்த இளவரசனை அரசனாக்க முயன்றனர். அரண்மனைக்கு வெளியுலகறியாத அவன் அஞ்சி நின்றான். மன்னனின் சகோதரி அவனை அழைத்துக்கொண்டு மன்னனிடமே ஓடினாள். சிறுவனை இழந்த கிளர்ச்சி தானே சிதறிற்று. அந்நாளிற் கண்டியிற் சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபட் நொக்ஸ் இதனை எழுதிவைத்துள்ளார். பின்னர் இராசசிங்கன் இன்றைய நுவரெலியா மாவட்டத்து அங்குராங்கெத்தைப் பகுதியில் அரசிருக்கை அமைத்துக்கொண்டான்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்புநோக்குதல் தகும். ஒரு சிறுவனை அந்நியர் காத்தனர். அவனுக்கு முடி கிடைத்தது, நாடு கிடைக்கவில்லை. மற்றவனை அத்தை காத்தாள். முடி அவனை விட்டகன்றது, அன்றைய ஆபத்தும் அகன்றது. குலவுரிமை ஒன்றே அரசனை ஆக்காது. மக்களின் ஏற்பும் வேண்டும். அவ்வேற்பைத் தானே தேடும் வயது சிறுவனுக்கு இல்லை. அவனுக்காகத் தேடுவோர் தம் நலத்தையே தேடுவராயின், முடி அவனுக்கு விலங்காகும். டொன் ஜுவானின் குறுகிய ஆட்சி நமக்குணர்த்துவது இதுவேயாகும்.